மத்யன் நகரத்துப் பரிந்துரை



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பியிருந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வேலை பற்றிப் பேசினார். வயது 36. அவருடைய மகள் எங்கள் மதரஸாவில் ஓதுகிறாள். சற்றும் யோசிக்காமல், "மதரஸா வாசலுக்கு ஒரு வாட்ச்மேன் தேவை, தம்பி. முத்தவல்லியிடம் சொல்லி அமர்த்திவிடலாம்" என்றேன். பெரிய உதவி செய்துவிட்டதாகவே நினைப்பு.

"ஹஜ்ரத், நான் வாசலில் நின்றது கொஞ்ச நாள்தான். மற்றபடி ஸ்டோர் கீப்பர்" என்றார் மெல்ல.

லடாக்கில் பனி விழுந்து கணவாய்கள் மூடிக்கொள்ளும் முன், படையினருக்குக் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய அரிசி, பருப்பு, எரிபொருள் யாவும் மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வந்த சரக்கை எண்ணி ஏற்பதும், கெடும் தேதி பார்த்துப் பழையதை முதலில் அனுப்புவதும், ஒரு மூட்டை குறைந்தாலும் பதில் சொல்வதும் அவருடைய பணி. ஊரில் எவரும் இதைக் கேட்கவில்லை. பட்டாளத்தார் என்றாலே துப்பாக்கியும் வாசலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன.

அன்றிரவு எனக்கு அல்கஸஸ் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. எகிப்தை விட்டு வெளியேறி மத்யனை அடைந்த நபி மூஸா (அலை) அவர்களுக்கு அங்கே வேலையும் இல்லை, அறிமுகமும் இல்லை. அவர்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததைக் கண்ட பெண்களில் ஒருவர், அவர்களைப் பணியில் அமர்த்துமாறு தந்தையிடம் சொன்னார். வலிமையும் நாணயமுமே அவர் காட்டிய காரணங்கள். பாவம், திக்கற்றவர் என்று சொல்லவில்லை. ஆண்டுதோறும் இதைப் பாடம் நடத்துகிறவன் நான்!

மறுநாள் அவருடைய பணிவிடுப்புப் புத்தகத்தை இருவரும் உட்கார்ந்து படித்தோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பதிவே செய்திருக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் பணியாற்றிய படைவீரர், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அப்பிரிவில் 10 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. வயதைக் கணக்கிடும்போது பணிக்காலத்தையும் அதற்கு மேல் 3 ஆண்டுகளையும் கழிப்பார்கள். அந்தக் கணக்கில் தமக்கு வயது 16 என்று அவர் சிரித்தார்.

ஆனால் அரசுத் தேர்வு முடியும்வரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை நடத்தும் ஜமாஅத் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். "துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. என் கேள்வியை விட அது மோசமில்லை. லடாக் கணக்கை நான் எடுத்துச் சொன்னேன். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, தம் கிடங்கில் தோலும் பசையும் எங்கே எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத கதையைச் சொல்லத் தொடங்கினார்.

2022 இல் தொடங்கிய அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 4 ஆண்டுகளில், ஓய்வூதியமின்றி, இருபதுகளின் வயதிலேயே திரும்புவார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்களிடம் முதலில் என்ன கேட்கப் போகிறோம்?

அல்ஹம்துலில்லாஹ், சகோதரர் இப்போது அந்தக் கிடங்கின் பொறுப்பாளர். தேர்வுக்கும் இரவில் படிக்கிறார். மதரஸா வாசலுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.