தலையிழந்த மகுடம் தண்ணீர் சுமக்கும்

கவிதைக்குள் முளைக்கக் காத்திருப்பது (2).

இது ஒரு புதுக்கவிதையின் முதல் வரியன்று. அடைப்புக்குறிக்குள் உள்ள 2, விடையில் எத்தனை எழுத்துகள் என்பதைச் சொல்கிறது. கவிதை என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: க, வி, தை. உள்ளே விதை இருக்கிறது. முளைக்கக் காத்திருப்பதும் விதைதான். விடை முழுவதும் அச்சில் கண்ணெதிரே கிடக்க, வாசகர் கவிதையின் கருப்பொருள் என்னவென்று யோசித்துக்கொண்டிருப்பார். ஆங்கிலப் பத்திரிகைகளில் 'கிரிப்டிக்' என்று அழைக்கப்படும் மறைபொருட் குறுக்கெழுத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

குறுக்கெழுத்து நம்மவருக்குப் புதிதன்று. ஞாயிறு வாரமலரில் கட்டங்களை நிரப்பி, கூப்பனை வெட்டித் தபாலட்டையில் ஒட்டி அனுப்பிய தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அந்தப் போட்டிகளில் 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்ற குறிப்புகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சொல் கட்டத்துக்குள் ஒழுங்காக அமையாதபோது, அமைப்பவர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிட்டு அதனை ஒப்புக்கொள்ளும் குறிப்பு அது. குழப்பம் அங்கே அமைப்பவரின் வசதிக்காக. மறைபொருட் குறுக்கெழுத்திலோ குழப்பம் குறிப்புக்குள்ளேயே இருக்கும். விடை கட்டத்தில் நேராகவே நிற்கும். வேறுபாடு சிறிதுதான். ஆயினும் விளையாட்டே மாறிவிடுகிறது.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் முதற் குறுக்கெழுத்தை வெளியிட்ட ஆர்தர் வின், லிவர்பூலிற் பிறந்தவர். அவருடையது நேர்ப்பொருள் கேட்கும் சாதாரணப் புதிர். அதற்கு மறைபொருள் ஏற்றியவர்கள் பிரித்தானியர். 1926 முதல் லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையிற் புதிர் அமைத்த எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ், ஸ்பானிய மதவிசாரணையாளர் டோர்க்கமாடாவின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டார். சித்திரவதைக்குப் பேர்போனவரின் பெயர்! அந்தப் பரம்பரையில் வந்தவர்கள்தாம் பின்னர் விதிகளையும் வகுத்தார்கள். வாசகரை வேறு திசையில் நினைக்க வைக்கலாம். ஆனால் எழுதப்பட்ட சொற்கள், உள்ளபடி வாசித்தால், விடையை நேர்மையாகத் தந்தே தீரவேண்டும். 2014 இல் லண்டன் 'டைம்ஸ்' தொடக்கநிலையினருக்கென ஒரு சிறிய மறைபொருட் புதிரை நாள்தோறும் வெளியிடத் தொடங்கியது. தொடங்குவோருக்கும் வாசல் திறக்க வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் போலும்.

கொழும்பில் நான் பணிக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வாசல் திறந்திருக்கவில்லை. ஆங்கிலப் பிரிவின் மூத்தவர் ஒருவர் தேநீர் வேளையிற் கட்டங்களை நிரப்புவார். எப்படி என்று கேட்டால், "அதற்கென்று ஒரு மூளை வேண்டும்" என்பார். அத்தகைய மூளை எவருக்கும் தேவையில்லை, விதிகள்தாம் தேவை என்பது, பழைய புதிர்களையும் மறுநாள் வெளிவரும் விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது.

சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியபீடத்துக்குப் பயிற்சிக்கு வந்த இளையவர்களுக்கு, வெள்ளிக்கிழமைகளிற் தமிழில் நானே அமைத்த குறிப்புகளைக் கொடுக்கத் தொடங்கினேன். அவர்களுள் ஒருவர் வன்னியைச் சேர்ந்தவர். 2009 இல் அவர் ஆண்டு இரண்டு மாணவி. பள்ளிக்கூடம் மரத்தடிக்கும் பின்னர் முகாமுக்கும் இடம்பெயர்ந்த பருவம். தாளைப் பார்த்ததும் மெல்லத் தள்ளி வைத்தார்.

"இது படிச்ச ஆக்களின்ரை விளையாட்டு, சேர்."

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் கேட்ட அதே பூட்டின் ஓசை. இம்முறை அது உள்ளிருந்து கேட்டது. ஆகவே அன்று வேறு வேலையை ஒதுக்கிவைத்து அவர் அருகில் அமர்ந்தேன்.

தலையிழந்த மகுடம் தண்ணீர் சுமக்கும் (3).

"பண்டாரவன்னியனோ, சேர்?" என்று கேட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்து அவரே சிரித்தார். ஒன்பது எழுத்து. குறிப்பு காட்டும் படத்தை முதலில் மறந்துவிடுங்கள் என்றேன். போரிலே வீழ்ந்த மன்னன், அவன் மகுடம், பிறகு அடிமை வேலை; இவையெல்லாம் மேற்பூச்சு. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பொருள், அது குறிப்பின் முன்னந்தலையிலோ கடைசியிலோ இருக்கும், நடுவில் இராது. மற்றது வித்தை, விடையின் எழுத்துகளை எப்படிப் பெறுவது என்ற அறிவுறுத்தல். இரண்டையும் பிரிக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

அவர் 'மகுடம்' என்பதற்குப் பின்னால் கோடு போட்டார். தண்ணீர் சுமக்கும் என்பது பொருள். தலையிழந்த மகுடம் என்பது வித்தை. மகுடத்தின் தலை எது? மன்னனின் தலையன்று, சொல்லின் முதலெழுத்து. 'ம' போனால் மிஞ்சுவது குடம். மூன்று எழுத்து.

சில கணங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் எழுதியே கிடக்குது" என்றார் பிறகு. சற்றுக் கோபத்துடன் சொன்னதுபோலவே இருந்தது.

அதன்பின் வேகம் கூடியது. 'நடக்க ஒன்று, பேச ஒன்று, இரண்டும் சேர நீர் ஓடும் (4)' என்பதற்குக் காலையும் வாயையும் ஒட்டிக் கால்வாய் என்று உடனே எழுதினார். 'பொழுது சாயும் வேளை கழுத்தில் விழும் (2)' என்பதில் வித்தையே கிடையாது, இரண்டு பொருள்கள் மட்டுமே, மாலை. 'வாசல் குலைந்தால் அறைகூவல் (3)' சிறிது நேரம் எடுத்தது. குலைதல், கலைதல், சிதறல், தடுமாற்றம் போன்ற சொற்கள் வந்தால் பக்கத்துச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பார்க்கவேண்டும். வா, ச, ல் என்ற மூன்றையும் இடம் மாற்றினாற் சவால்.

இவ்விடத்திற் தமிழில் அமைப்பவரின் துன்பத்தையும் சொல்லவேண்டும். 'வாசலில் குழப்பம்' என்று எழுத எனக்கு ஆசைதான். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் வேற்றுமை உருபு ஒட்டியதும் 'ல்' போய் 'லி' வந்துவிடுகிறது. எழுத்துக் கணக்குப் பிழைக்கும். ஆங்கிலேயனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் சொற்கள் தனித்தனியே நிற்கும். சொல்லைத் திருப்பி வாசிக்கும் வித்தையோ தமிழிற் பெரும்பாலும் கைகொடாது. மரம், கடல், பொன் என்று நம் சொற்கள் மெய்யில் முடிகின்றன. மெய்யெழுத்தைக் கொண்டு தமிழ்ச்சொல் தொடங்காது. உயிர்மெய்யால் மட்டும் ஆன சொற்களைத் தேடவேண்டும். 'ராதா திரும்பினால் குளத்தில் நீந்துவாள் (2)' என்று ஒன்று கிடைத்தது. தாராக் கோழி வளர்த்த யாழ்ப்பாணத்தார் உடனே பிடித்துவிடுவார்கள். எங்கள் மூத்த ஒப்புநோக்காளர் மட்டும், தமிழ்ச்சொல் ரகரத்திலும் தொடங்காது, 'இராதா' என்றுதான் எழுதவேண்டும் என்று தாளில் திருத்தம் போட்டுத் திருப்பித் தந்தார். அவர் திருத்தத்தின்படி என் தாரா நீந்தாது!

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்திற் தமிழ் பயின்ற காலத்தில் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலை நாங்கள் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணினோம். கோமூத்திரி, நாகபந்தம் என்று நீளும் சித்திரகவிப் பட்டியலில் அக்கரச்சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, வேறு வேறு பொருள் தரும் சொற்கள் பிறப்பது அது. மகுடம் குடமாவது அதன் கடைக்குட்டி. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். கவிதைக்குள் விதை அந்த இனம். முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கக்கூடிய மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார் ஞானசம்பந்தர். சிலேடைக்குக் காளமேகத்தைச் சொல்லவே வேண்டாம். புலமைக்குச் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, இவற்றை விளையாட்டாக்காமல் விட்டது நாம்தான். பரீட்சை முடிந்ததும் நானும் என் வகுப்புத் தோழர்களும் அந்தப் பட்டியலை நிம்மதியாக மறந்தோம்.

நிற்க. பயிற்சிப் பத்திரிகையாளருக்கு இதனை ஏன் கற்பிக்கவேண்டும் என்று நிருவாகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1998 ஜூன் மாதத்தில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டபோது நான் செய்திப் பிரிவில் இருந்தேன். வெட்டப்பட்டு வந்த பிரதியில் எஞ்சிய சொற்களைக் கொண்டு வாசகர்கள் நடந்ததை ஊகித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் அந்நாளில் மறைபொருள் வாசிப்பவர்களே. ஆனால் அந்தப் புதிரில் விதி இல்லை. மறுநாள் விடையும் வெளிவராது.

அந்தக் காலம் போய்விட்டது. ஊடக அறிக்கைகளின் நடை போகவில்லை. ஒரு நாள் அந்தப் பிள்ளை ஓர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். 'சம்பவம் தொடர்பில் உரிய நடவடிக்கைகள் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன' என்ற வரியின் கீழே பென்சிற் கோடு.

"இதிலை எங்கை கோடு போடுறது, சேர்? பொருள் எந்தப் பக்கம், வித்தை எந்தப் பக்கம்?"

இரண்டுமே இல்லை என்றேன். மேற்பூச்சு மட்டும். நடவடிக்கை எடுப்பவர் யார், எந்த நடவடிக்கை, எப்போது தொடங்கியது என்று கேட்டால் விழுந்துவிடும் வரி அது. அவர் தொலைபேசியை எடுத்து மூன்றையும் கேட்டார். ஒன்றுக்குப் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் மாலை வரை பதில் கிடைக்கவில்லை என்பதையும் செய்தியிலேயே எழுதினார். அந்த வசனத்தை நான் வெட்டவில்லை.

இப்போது அவரும் குறிப்புகள் அமைக்கிறார். என்னுடையவற்றை விடச் சுருக்கமாகவும் குறும்பாகவும் இருக்கின்றன. தேர்தல் முடிவுகளுக்காக ஆசிரியபீடம் விழித்திருந்த ஓர் இரவில், சிறு துண்டுக் காகிதத்தில் இதனை எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்:

நாற்காலி பாதி போனால் தெற்கே ஒரு கோட்டை நகரம் (2).