மாயர் விளையாட்டில் பிடிபட்ட அப்பா

போன ஒக்டோபர் விடுமுறையில் என்னுடைய இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. அவர்களிடம் இருந்தது இரண்டு தாயக்கட்டை, ஒரு தோல் குவளை, ஒரு கட்டம் போட்ட கொப்பி. அவ்வளவுதான். நான் அப்போது ஏழு கிழமையாக வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் கடைசியில் எனக்கு வேலை போய்விட்டது. ஏழு வருடம் வேலை செய்த இடம். எங்கள் குழுவில் அரைவாசிப் பேரை ஒரே நாளில் நிறுத்தினார்கள். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. டென்மார்க்கில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ஃபுங்க்ஷனேர்லோவன் சட்டப்படி ஏழு வருடம் இருந்தவருக்கு ஐந்து மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். என்னை "ஃப்ரிட்ஸ்டிலட்" பண்ணினார்கள். அதாவது நாளையிலிருந்து வரத் தேவையில்லை, சம்பளம் மட்டும் ஐந்து மாதம் வரும். பொய் சொல்ல விரும்புகிற ஆளுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மாதக் கடைசியில் காசு வழமைபோல கணக்குக்கு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரக் காரணமே இல்லை.

ஒவ்வொரு நாளும் காலை ஏழே முக்காலுக்கு பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஓர்ஹூஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய நூலகம், டொக்-1, உங்களில் பலர் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். அங்கே மேல்மாடியில் கடலைப் பார்த்த ஒரு மேசை. வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். நாலு மணிக்குத் திரும்பினேன். மனுசி "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டால் "பிஸி" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். முதல் நாள் சொல்லாதது வெட்கம். இரண்டாம் நாள் சொல்லாததற்குக் காரணம், முதல் நாள் சொல்லாததுதான். அதற்குப் பிறகு அது தன்பாட்டில் ஓடியது. இன்னொன்றும் உண்டு. அப்பா 1985-இல் இங்கே வந்தவர். யூலண்டில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் இரவில் கழுவித் துடைக்கிற வேலை. ஊருக்கு எழுதின கடிதங்களில் அது "கொம்பனி வேலை". நான் படித்து எஞ்சினியர் ஆனபிறகு அம்மா கோயிலிலும் கலியாண வீட்டிலும் முதலில் சொல்வது அதைத்தான். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு முன்னால் போய் "வேலை போட்டுது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

42-ஆம் கிழமை, இலையுதிர்கால விடுமுறை. மேற்குக் கரையில் ஒரு சொம்மஹூஸ் எடுத்திருந்தோம். நாங்கள் நாலு பேர், கூட அம்மா. மூன்று நாளும் மழை. டெனிஷ் சொம்மஹூஸ் என்றால் ஒரு லாச்சி முழுக்கப் பழைய விளையாட்டுச் சாமான்கள் இருக்கும், அதில் கட்டாயம் ஒரு தோல் குவளையும் தாயக்கட்டையும் இருக்கும். அதை வைத்து டெனிஷ்காரர் பள்ளிக்கூட முகாமிலிருந்து மதுச்சாலை வரை விளையாடுவது மாயர். பிள்ளைகள் பெயரைச் சொன்னதும் அம்மா முகத்தைச் சுளித்தா. "என்ன பிள்ளை, உப்பிடியெல்லாம் கதைக்கிறாய்?" டெனிஷ் உச்சரிப்பில் அது அம்மாவின் காதில் வேறு சொல்லாக விழுந்துவிட்டது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தெரியாதவர்களுக்கு: இரண்டு கட்டையைக் குவளைக்குள் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். நீங்கள் மட்டும் ஒளித்துப் பார்க்கலாம். பெரிய எண் முன்னுக்கு வரும், 5-உம் 6-உம் விழுந்தால் 65. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே 21, அதுதான் மாயர். அடுத்தது 31, சின்ன மாயர். பிறகு சோடிகள். பிறகுதான் 65, 64 என்று கீழே போகும். பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லி, மூடின குவளையை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அவர் நம்பினால் தான் குலுக்கி, அதற்குச் சமமாகவோ மேலாகவோ சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் குவளையைத் தூக்கலாம். பொய் என்றால் உங்களுக்கு ஒரு உயிர் போகும், உண்மை என்றால் தூக்கினவருக்குப் போகும். ஆளுக்கு ஆறு உயிர்.

இதில் பொய் சொல்லாமல் விளையாடவே முடியாது. முன்னால் இருப்பவர் "ஐந்து சோடி" என்று சொன்னால், அதற்குச் சமமாகவோ மேலாகவோ எனக்கு விழ 36-இல் 6 வாய்ப்புத்தான் உண்டு. மற்ற ஐந்து பங்கிலும் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பார்க்காமலே "அது, அல்லது அதுக்கு மேல" என்று தள்ளிவிட வேண்டும்.

முதல் இரண்டு நாளும் நான் நன்றாகவே தோற்றேன். மகன் ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஏதோ கோடு போட்டான். புள்ளி எழுதுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் பார்க்கக் கிடைத்தது. என் பெயருக்குக் கீழே இரண்டு நிரல். ஒன்று "தள்ளினார்", மற்றது "இழுத்துத் தள்ளினார்". உண்மை சொல்லும்போது குவளையை நேராக அடுத்தவர் பக்கம் தள்ளுகிறேன். பொய் சொல்லும்போது முதலில் ஒரு விரற்கடை என் பக்கம் இழுத்துவிட்டுத்தான் தள்ளுகிறேன். இழுத்தது 14 தடவை, அதில் 13 பொய். குவளையைத் தூக்கிப் பார்த்த தடவைகளை மட்டும்தான் எண்ணியிருக்கிறான், தூக்காதவை கணக்கில் இல்லை என்று என் மூளை உடனே குறை கண்டுபிடித்தது. தொழில் புத்தி. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது மோசமான ஆய்வு இல்லை. அகதா கிறிஸ்டியின் 1936 நாவல் ஒன்றில் புவாரோ, பிரிட்ஜ் விளையாடினவர்களின் புள்ளித்தாளை வைத்தே ஆட்களை எடைபோடுவார். என் மகனுக்குப் புவாரோவைத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது டிவி 2-இல் போகிற "ஃபொரெடர்", துரோகியைக் கண்டுபிடிக்கிற நிகழ்ச்சி. அதன் தாய் நிகழ்ச்சி 2021-இல் நெதர்லாந்தில் வந்தது. அதற்கும் தாய் என்று சொல்லக்கூடியது, 1986-இல் மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் டிமித்ரி டவிடோஃப் உண்டாக்கின "மாஃபியா" விளையாட்டு. ஊரில் நாங்கள் துண்டுச் சீட்டில் எழுதி விளையாடின ராசா மந்திரி கள்ளன் பொலிசும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான்.

மூன்றாம் நாள் இரவு மகள் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தாள். உயிர் போகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலை நம்பாதவர் "தூக்குறன்" என்று சொல்லலாம். முதலில் எல்லாம் பகிடிதான். அம்மாவிடம், எந்தப் பேரப்பிள்ளையில் கூட விருப்பம் என்று கேட்டார்கள். "ரெண்டிலயும்" என்றா. இரண்டு பேரும் சேர்ந்து "தூக்குறன்!" என்று கத்தினார்கள்.

பிறகு எனக்கு உயிர் போனது. மகன் கேட்டான்: "அப்பா, போன கிழமை ஒஃபிஸ் கன்டீனில என்ன சாப்பாடு?"

சின்னக் கேள்வி. எனக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. "வியாழக்கிழமை கோழி, மற்றது..." என்று தொடங்கினேன். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கோப்பை ஒரு விரற்கடை என் பக்கம் வந்திருந்தது.

அவள் கோப்பைக்கு மேல் கையை வைத்து, மெதுவாக, "தூக்குறன்" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மனுசி என்ன நடக்குது என்று விளங்காமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தா. மகள் டெனிஷுக்கு மாறிவிட்டாள், அவளுக்கு அழுகை வரும்போது தமிழ் வராது. அவள் சொன்னது இதுதான்: செப்டெம்பரில் ஒரு நாள் விளையாட்டுச் சப்பாத்து எங்கே என்று கேட்க எனக்கு ஃபோன் எடுத்தாளாம். பின்னால் மணி அடித்ததாம். டொக்-1 கூரையிலிருந்து தொங்குகிற அந்தப் பெரிய வெண்கலக் குழாய் மணி. ஓர்ஹூஸ் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் தாய் தகப்பன் ஒரு பொத்தானை அமத்தினால் நூலகத்தில் அது முழங்கும். வகுப்போடு போனபோது அவள் கேட்டிருக்கிறாள், அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு நான் "ஒஃபிஸில, மீட்டிங்" என்று சொன்னேனாம். எனக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு அவள் கவனித்திருக்கிறாள். கொழுவியில் என் ஒஃபிஸ் அட்டை தொங்கவில்லை. பையில் இருப்பது பழைய லப்டொப். ஒரு மாதமாக இரண்டு பேரும் இதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அம்மாவும் நீங்களும் பிரியப்போறீங்களா?" என்று மகன் கேட்டான். அவர்கள் துப்பறிந்தது அதைத்தான். அப்பாவுக்கு வேறு எங்கேயோ ஒரு வாழ்க்கை இருக்குது என்று ஒரு மாதம் பயந்திருக்கிறார்கள். வகுப்பில் அப்படி நடந்த பிள்ளைகள் இருக்கிறார்களே.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பெரிதாக மூச்சு விட்டு, "அவ்வளவுதானா?" என்றான். மனுசி எழும்பிப் போய் யன்னலடியில் நின்றா.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "அப்ப மத்தியானம் எங்க சாப்பிட்டனீ, தம்பி?"

நூலகத்தில் பாண் வாங்கிச் சாப்பிட்டேன் என்றேன். "ஏழு கிழமையும் பாணோ?" என்றா. அதற்குப் பிறகு, "எல்லாத்தையும் கம்பளத்துக்குக் கீழ கூட்டி வையுங்கோ" என்றா.

இந்தக் கம்பளக் கதை டென்மார்க் தமிழருக்குப் பழசு, ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்பங்களை இங்கே எடுக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக இழுத்தடித்தார். விஷயம் வெளியே வரத் தொடங்கினபோது பிரதமர் பொல் ஸ்லூட்டர் 1989-இல் நாடாளுமன்றத்தில், கம்பளத்துக்குக் கீழே ஒன்றும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று சொன்னார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தது. அவர் நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்று அதில் இருந்தது, அரசாங்கமே பதவி விலகியது. நின்-ஹன்சனுக்கு 1995-இல் ஒத்திவைத்த நாலு மாதச் சிறை. அந்த விண்ணப்பக் கட்டில் அம்மாவுடையதும் ஒன்று. அப்பா "கெதியில வரும்" என்று கடிதத்தில் எழுத, அம்மா ஊரில் காத்திருந்தா. நல்லதுக்குச் சொன்ன பொய்யும் கெட்டதுக்குச் சொன்ன பொய்யும் அம்மாவுக்கு அந்த இரண்டு வருடமும் ஒரே மாதிரித்தான் வந்து சேர்ந்தன.

மனுசி மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் சொன்னா: "வேலை போனதுக்கு நான் கோவிக்கேல்ல. ஒவ்வொரு நாளும் காலமை என்னட்ட போயிட்டு வாறன் எண்டு சொன்னீங்கள். அந்த 'போயிட்டு வாறன்' தான்." அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

பிறகு நேரம் நிறைய இருந்ததால் பொய்யைப் பற்றி வாசித்தேன். பொண்ட், டெபோலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்துப் பொய்யா உண்மையா என்று சொல்வதில் மனிதருக்குச் சரிவருவது சராசரியாக 54 வீதம். காசு சுண்டினாலே 50. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆட்கள். நம் கையை வருடக்கணக்கில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் வேறு கணக்கு. இன்னொரு ஆய்வு முறை எனக்குச் சிரிப்பைத் தந்தது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு விளையாட்டுச் சாமானை வைத்து, சத்தத்தை வைத்து என்னவென்று ஊகி, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் இதை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார்கள். பல பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கவில்லை என்பார்கள். ஆனால் "அப்ப அது என்னவாயிருக்கும்?" என்று கேட்டால் சின்னதுகள் டக்கென்று சரியான பதிலைச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். பெரியவர்கள் பிள்ளைகளைப் பிடிக்கத் தயாரித்த விளையாட்டு. எங்கள் வீட்டில் அது மறுபக்கமாக நடந்தது. கன்டீன் சாப்பாட்டைக் கேட்டது அதே வேலைதான்.

விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை அம்மாவை பிராண்டவில் இருக்கிற அபிராமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு வரிசையில் ஒரு மாமி வழமைபோல "மகன் எப்பிடி, அதே வேலைதானே?" என்று கேட்டா. எனக்கு வயிறு கலங்கியது. அம்மா தட்டை நீட்டிக்கொண்டே, "இல்லை, வேலை போட்டுது, தேடுறான். உங்கட மருமகன்ர இடத்தில ஆள் எடுக்கினமோ?" என்றா. மாமி "கேட்டுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் ஊற்றினா. ஏழு கிழமை நான் பயந்தது இதற்குத்தான். அந்த மருமகனின் இடத்தில் ஆள் எடுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி ஹோர்சன்ஸில் ஒரு சின்ன நிறுவனம். பெப்ரவரியிலிருந்து அங்கே போகிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவு.

மாயர் இப்போதும் விளையாடுகிறோம். வீட்டுக்கென்று ஒரு குவளை வாங்கியாயிற்று. இழுக்காமல் இருக்க நான் குவளையை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகினேன். பொய் சொல்லும்போது மட்டும்தான் இரண்டு கை வருகிறது என்று மகன் புதுப் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.