யாரும் கூப்பிடாத ஞாயிறு

டல்லாஸில் எங்கள் சனிக்கிழமை வேலைகள் பதினொரு மணிக்குள் முடிந்துவிடுகின்றன. காஸ்ட்கோவில் பாலும் முட்டையும், இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் தோசை மாவும், வரும் வழியில் பெட்ரோல். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் மிச்சமுள்ள ஒன்றரை நாளும் எங்களுடையது. என்ன செய்வதென்று தெரியாமல் இவர் காரைத் துடைக்கப் போய்விடுவார்.

மதுரையில் ஒரு மணி நேரம்கூட எங்களுடையதாக இருந்ததில்லை.

எஸ்.எஸ். காலனியில் வாடகை வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், ஊரெல்லாம் சொந்தம். சனிக்கிழமை முதல் வேலை மில். மாடியில் காயவைத்த மிளகாயையும் மல்லியையும் அரைத்துக் கொட்டும்போது தூள் சுடும். "உடனே மூடிராதீங்கக்கா, வேர்த்துரும்" என்பார் மில்காரர். சம்படத்தின் வாயைப் பேப்பரால் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். சூடு புடவையைத் தாண்டி இறங்கும். காளவாசல் சிக்னலில் இவர் தும்முவார், அடுத்து நான், பிறகு பக்கத்தில் நிற்கிற ஆட்டோக்காரர். மதுரை என்றாலே எல்லோரும் மல்லிகைப்பூவைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நெடிதான் வேண்டும். இங்கே தூள் பாக்கெட்டில் வருகிறது. யாரும் தும்முவதில்லை.

மில்லிலிருந்து வந்து சம்படத்தை வைத்துவிட்டு, நேரே புது மண்டபம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபத்தில், தூண் சிற்பங்களின் காலடியில் தையல்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டிருப்பார்கள். கல் கூரைக்குக் கீழே அத்தனை மிஷின்களும் சேர்ந்து ஓடுகிற அந்தச் சத்தத்தில், என் ஜாக்கெட் எப்போது முடியும் என்று கத்திக் கேட்க வேண்டும். "கொக்கி மட்டுந்தான் பாக்கி, ஒரு சுத்து போயிட்டு வாங்க." வாராவாரம் கொக்கி மட்டுந்தான் பாக்கி. அந்த ஒரு சுற்றில்தான் கீழமாசி வீதியில் பருப்பும் புளியும் வாங்கி, பை கனக்க விளக்குத்தூண் வந்து, ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடிப்போம். இப்போது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கே விமானம் ஏறிப் போனாலும் அந்தச் சத்தம் அங்கே இல்லை.

ராத்திரி சமைக்கத் தெம்பிருக்காது. சிம்மக்கல் கோனார் கடைக்குப் போவோம். கல்லில் தடிமனாக மாவு ஊற்றி, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு ஒரு அழுத்து. இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. முன்பின் தெரியாதவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே கூச்சமில்லாமல் நிற்க வேண்டும். இங்கே பெயரைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏசியில் இருக்கலாம், போனில் கூப்பிடுவார்கள். தோசையும் மோசமில்லை. ஆனால்...

ஞாயிறு வயிற்றுக்குச் சோதனை. பன்னிரண்டரைக்குத் திருநகரில் மாமியார் வீட்டில் கறிக்குழம்பு. இரண்டரைக்குக் கோரிப்பாளையத்தில் அம்மா வீட்டில் கறிக்குழம்பு. அங்கே சாப்பிட்டது இங்கே தெரியக்கூடாது. யானைக்கல்லில் வண்டியை ஓரம்கட்டி இவர் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வார். அப்புறம்தான் ஏ.வி. பாலம் ஏறுவோம். 1889இல் திறந்த பாலம். கீழே வைகையில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது.

சாயங்காலம் செல்லூர் பெரியம்மா. "ஏத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" போன வாரம்தான் போயிருப்போம். கை நனைக்காமல் விடமாட்டார். கிளம்புகிறோம் என்று எழுந்து, செருப்பை மாட்டிய பிறகுதான் முக்கியமான கதைகளைத் தொடங்குவார். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டை விற்றுவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று வாசற்படியிலேயே அரை மணி நேரம் ஓடும், இவர் சாவியை ஆட்டிக்கொண்டே நிற்பார். உங்களுக்கும் ஒரு பெரியம்மா இருந்திருப்பார், செருப்பு மாட்டிய பிறகு பேசுகிறவர். எங்கள் பெரியம்மா போய்விட்டார். அந்தக் குரலை யாரும் எதிலும் பிடித்து வைக்கவில்லை. அப்போது யாருக்குத் தோன்றியது?

இங்கேயும் நண்பர்கள் உண்டு, நல்லவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போக இரண்டு வாரம் முன்பே மெசேஜ் போட்டு நாள் குறிக்க வேண்டும். வாசலில் போய் நின்று ஏன் வரவில்லை என்று சண்டை போட முடியாது. நாங்கள் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளவும் இங்கே ஆள் கிடையாது.

கோடையில், இங்கே சனிக்கிழமை இரவு ஒன்பது என்றால் அங்கே ஞாயிறு காலை ஏழரை. அம்மா கூப்பிடுவார். பின்னால் குக்கர் விசில், கறி வாங்கி வந்த அப்பாவிடம் எலும்பு அதிகம் என்ற சண்டை.

"இன்னிக்கு எங்க போனீங்க?"

"எங்கயும் போகலம்மா."

"நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்கிறார், அங்கே இருந்தவரை ஒரு ஞாயிறுகூட எங்களை உட்காரவிடாத அதே அம்மா.