மேசையில் கிடந்த மூன்று வாரம்

உடையார்பாளையத்தில் நாம் பணியாற்றும் பங்கு இல்லத்தின் அலுவலக அறையில், மரப் பேழை ஒன்றினுள் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. திருமண ஓலை எழுத வேண்டும்போது அவற்றைத் திறப்போம், மூடுவோம். ஒருவருடைய வருங்காலமே அந்த ஏடுகளுள் ஒடுங்கியிருக்கக்கூடும் என்பதை ஒரு மூதாட்டி நமக்குக் கற்பித்தார்.

எண்பதை நெருங்கும் கைம்பெண் அவர். ஒரே மகள் அமெரிக்காவில் குடியுரிமை பெற்று வாழ்கிறார். தாயைத் தம்மோடு வைத்துக்கொள்ள அந்நாட்டுக் குடிவரவுத் துறைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். தாய் மகள் உறவுக்குக் கூடுதல் சான்று கேட்டு அங்கிருந்து கடிதம் வந்தது. மகள் பிறந்தது 1967-இல். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டதோ 1969-இல். வீட்டிலே நிகழ்ந்த அப்பிறப்பு அரசுப் பேரேடு எதிலும் ஏறவில்லை. பதிவு இல்லை என்னும் சான்றை அலைந்து திரிந்து பெற்றுவிட்டனர். அதற்குத் துணையாகத் திருமுழுக்குச் சான்று வேண்டும். பிறந்து இரண்டு மாதத்துக்குள் திருமுழுக்கு நடந்திருந்தால், பிறந்த நாள், ஊர், பெற்றோர் பெயர், ஆலய முத்திரை ஆகியவை கொண்ட சான்றை அந்நாட்டார் ஏற்கின்றனர்.

“சாமி, மவளுக்கு ஞானஸ்நானச் சீட்டு வேணும்” என்று வந்து நின்றார். “அடுத்த வாரம் வாங்கம்மா” என்றோம். கிளைக் கிராமத் திருவிழா, பள்ளிக் கணக்கு, மறைமாவட்டக் கூட்டம் என்று மூன்று வாரம் ஓடியது. எண்பத்து நான்கு நாள் தவணை என்று கேட்டதும் நம் மனம் சாவகாசம் கொண்டுவிட்டது.

ஒருநாள் மகளே தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தில் குறித்த நாள் அஞ்சலில் சேர்க்கும் நாளன்று. அவர்கள் கையில் சேரவேண்டிய நாள். 84 நாள் என்பது சட்டம் தரும் உச்ச அளவு. அதற்குமேல் நீட்டிப்புக் கிடையாது. தாள்கள் யாவும் ஒரே முறையில் சேரவேண்டும். பாதியை அனுப்பினால், அவ்வளவே உள்ளதெனக் கொண்டு முடிவு செய்வர். ஒன்றுமே சேராவிடில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதி மறுக்கலாம். பின்பு புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், புதிய காத்திருப்பு. “அம்மாவுக்கு வயசு ஏறுதே, ஃபாதர்” என்றார். அப்போது எஞ்சியிருந்தவை 16 நாள்.

அன்றிரவே பேழையைத் திறந்தோம். ஏட்டின் ஓரங்கள் செல்லரித்திருந்தன, எழுத்துத் தப்பியிருந்தது. பிறந்த ஒன்பதாம் நாள் திருமுழுக்கு, அன்றே பதிவு. பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர், குருவின் கையொப்பம் எதுவும் குறையவில்லை. காலந்தாழ்த்தாமல் பதிய வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்குத்தந்தையைப் பணிக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் உண்டு, 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 877-ஆம் சட்டத்திலும் உண்டு. குருமடத்தில் அதனை மனப்பாடமாய்ப் படித்தவர் நாம். சிவந்த மையில் எழுதிச் சென்ற அந்த முன்னோரோ அதன்படி நடந்தவர்.

சான்றெழுதி முத்திரையிட ஒரு மணி நேரமும் ஆகவில்லை. மறுநாள் காலை பங்கின் ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் மொழித் தகுதியை உறுதி செய்து ஒப்பமிட்டார். நகலே போதும் என்பதால் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினோம். நொடிப்பொழுதில் கடல் கடந்தது. மகள் அனைத்தையும் ஒரே உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்தார். இறுதி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக அது போய்ச் சேர்ந்தது. சில மாதங்களுக்குப் பின் விண்ணப்பமும் ஏற்கப்பட்டது.

மூதாட்டி முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு நன்றி சொல்ல வந்தார். “மூணு வாரம் அலைய வெச்சுட்டோமேம்மா” என்றோம். “அதனால என்ன சாமி, எழுதிக் குடுத்துட்டீங்கல்ல” என்றார். அவர் கடிந்திருந்தால் நெஞ்சு சற்று ஆறியிருக்கும்.

கடலைக் கடக்க ஒரு நொடி. எழுத ஒரு மணி. நம் மேசையில் மூன்று வாரம். வாசக அன்பர்களே, உங்கள் மேசையிலும் பிறர் தாள் ஏதேனும் கிடக்கலாம். நமக்கு அது ஒரு கையொப்பம். காத்திருப்பவருக்கோ அது தாயின் முகம். இப்போதெல்லாம் சான்று கேட்டு வருவோரை அமரச் சொல்லிவிட்டு, அப்போதே பேழையைத் திறக்கிறோம்.