சீர்காழி மண்ணில் பொன் தேடுவோர்

கொள்ளிடப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கி வருவோரைப் பசுமை போர்த்த வயல்களோடு வரவேற்கும் ஊர் சீர்காழி. ஞானசம்பந்தர் பிறந்த ஊர் என்றும், இசைமேதை முத்துத்தாண்டவர் வாழ்ந்த ஊர் என்றும் தமிழுலகம் இதனை அறியும். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் இன்று இவ்வூர் அடங்கியுள்ளது. அண்மையில் நாம் இங்குச் சில நாட்கள் தங்கியிருந்தபோது, மண்ணுக்கடியில் இருப்பவற்றைப் பற்றிய பேச்சையே எங்கும் கேட்டோம்.

அதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று, குடமுழுக்கை முன்னிட்டு வேள்விச்சாலை அமைப்பதற்காகச் சட்டைநாதர் ஆலய வளாகத்தில் மண் தோண்டினார்கள். அப்போது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. கிழக்கே கடலோரம் சென்றால் காவிரிப்பூம்பட்டினம். அங்கு 1960களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் ஆன படகுத்துறையும், பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரமும் கண்டறியப்பட்டன. இன்னும் தெற்கே உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. அவர்கள் வெளியிட்ட ஈயக் காசுகளும் செப்புக் காசுகளும் அங்குள்ள கடற்கரை மணலில் கிடைப்பது வழக்கம். இவற்றையெல்லாம் கேட்ட இளைஞர் சிலர், உலோகங்காட்டும் கருவி ஒன்றை வாங்கினால் புதையல் கைக்கு வந்துவிடும் என்று எண்ணத் தலைப்பட்டுள்ளனர். அக்கருவி உண்மையில் யாது சொல்லும், யாது சொல்லாது என்பதை அன்பு வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுள் செலுத்துகிறது. அங்கு உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது திருப்பியனுப்பும் எதிர்விளைவு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கருவி அளந்து ஓர் எண்ணாகக் காட்டுகிறது. பல கருவிகளில் இந்த எண் 0 முதல் 99 வரை செல்லும். இரும்பு கீழே நிற்கும். பருமனான வெள்ளிக் காசும் செப்புக் காசும் மேலே நிற்கும். ஆனால் ஒரு கருவியின் எண் மற்றொரு கருவிக்குப் பொருந்தாது.

பொன்னுக்கோ தனக்கென ஓர் எண் இல்லை. இதுவே பலரும் அறியாத செய்தி. உலோகத்தின் தன்மையோடு அதன் பருமனும் வடிவமும் சேர்ந்தே எண்ணைத் தீர்மானிக்கின்றன. மெல்லிய மோதிரம் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைப் போல் ஒலிக்கும். கனத்த மோதிரம் வெகு மேலே செல்லும். முறிந்த மோதிரத்தில் மின்னோட்டம் முழுவட்டமாய்ச் சுற்ற இயலாமையால் எண் தாழ்ந்துவிடும். சங்கிலியோ, சிறு சிறு கண்ணிகளால் ஆனது ஆதலின், எடை மிகுந்திருந்தும் கருவிக்கு எளிதில் தென்படாது. 1992 முதல் வெளிவந்த எஃகு ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டுவது. பழைய அலுமினியக் காசுகளினின்றும் அது முற்றிலும் வேறுபட்டுக் காட்டும். மேலும், கடலோர உவர்மண் ஈரமாய் இருக்குங்கால் தானே மின்னைக் கடத்திச் சிறு பொன்னின் குரலை மறைத்துவிடும்.

நாம் தங்கியிருந்த இடத்திற்கு அருகில் ஒரு குடும்பத்தில் நேர்ந்ததைக் கூறுவோம். நாற்று நடும்போது திருமண மோதிரத்தைச் சேற்றில் இழந்த தாயொருவர், அறுவடை முடியும்வரை அதனை எண்ணி வருந்திக்கொண்டிருந்தார். வயல் காய்ந்தபின் அவருடைய மகன் கருவியொன்றை இரவல் பெற்று வந்தான். திருமணத்தில் மணமக்கள் இருவரும் மோதிரம் அணிவிப்பது நம் வழக்கமன்றோ? தந்தையின் மோதிரத்தைக் கழற்றி வரப்பின்மேல் வைத்து, அதற்குக் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டான். தாயின் மோதிரம் சிறியது ஆகையால், அந்த எண்ணையும் அதற்குச் சற்றுக் கீழான எண்களையும் விடாமல் தேடினான். முதல் நாள் கிடைத்தவை மருந்து அட்டைத் துண்டுகளும் ஒரு புட்டி மூடியுமே. எண் ஒத்திருந்தும் பொருள் வேறாயிருந்தது. எனினும் அவன் ஒன்றையும் ஒதுக்கவில்லை. மறுநாள் மாலை, நான்கு விரற்கடை ஆழத்தில் மோதிரம் கிடைத்தது. அந்தத் தாய் அதனைக் கழுவி அணிந்துகொண்டபின் நெடுநேரம் பேசவேயில்லை.

தன் பொருளைத் தன் வயலில் தேடுவது வேறு. பழம்பொருளைத் தோண்டுவது வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பை மிஞ்சினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமையாளர் எவரும் இல்லையெனத் தீர்மானமானால், நிலம் பிறருடையதாயிருந்து வேறு உடன்பாடும் இல்லாவிடத்து, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரவும் அச்சட்டம் வழி செய்கிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு காசு எந்த ஆழத்தில், எதனருகே கிடந்தது என்பதைக் கொண்டே ஆய்வாளர் காலத்தைக் கணிக்கின்றனர். பேராசையால் அதனைப் பெயர்த்தெடுப்பவர், இந்நாட்டு வரலாற்றின் ஓர் ஏட்டைக் கிழித்தெறிபவர் ஆகிறார்.

கிடைப்பது உலோகம் என்பதைக் கருவி சொல்லும். அது யாருக்கு உரியது என்பதை நம் மனச்சான்றே சொல்லவேண்டும். நம் இளைஞர் அக்கருவியைக் கையில் எடுக்குமுன் பெற்றோர் இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பாராக.