‘ஹேங் அவுட்’ சொல்லித்தரும்போது

பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களை அதிகம் சோதிப்பவை, வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஃப்ரேசல் வெர்ப்கள். ‘ஹேங்’ என்றால் தொங்குவது, ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டும் தெரிந்த மாணவர்கூட ‘ஹேங் அவுட்’ என்றதும் திகைப்பார். தனியாக ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் நண்பர்களோடு பொழுதைக் கழிப்பது என்று விளக்கினால் எழுதிக்கொள்வார். மறுநாள் ‘ஐ ஹேங் அவுட் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பார்.

‘வித்’ விடுபட்டால் அது துணியைக் கொடியில் காயப்போடும் வினை. அதனால் நான் இந்தச் சொல்லைப் பலகையில் தனியாக எழுதுவதே இல்லை. ஆளைச் சொன்னால் ‘வித்’, இடத்தைச் சொன்னால் பெரும்பாலும் ‘அட்’ என்று முழு வாக்கியமாகவே எழுதுவேன். இறந்தகாலம் ‘ஹங் அவுட்’. ‘ஹேங்ட்’ என்பது தூக்கிலிட்டதைச் சொல்வது; இங்கே வரக்கூடாது.

அதிக நேரம் எடுப்பது உச்சரிப்புதான். நம் நாக்கு ‘ங்’ வந்தால் பின்னாலேயே ஒரு ‘க’வைச் சேர்த்து ‘ஹேங்கவுட்’ என்றுதான் சொல்லும். ஆங்கிலத்தில் அந்த ‘க’ இல்லை. தனி ‘ங’ ஒலி நமக்குப் புதிதும் இல்லை, ‘அங்ஙனம்’ என்னும்போது மூக்கில் எழுவது அதுதான். வகுப்பில் முதலில் ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று பலமுறை சொல்லவைப்பேன். பிறகு அதே ஒலியோடு ‘அவுட்’டைச் சேர்த்தால் ‘ஹேஙவுட்’ என்று சரியாக விழும். வினையாகச் சொல்லும்போது அழுத்தம் ‘அவுட்’டில். நண்பர்கள் வழக்கமாகக் கூடும் இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லானால் அழுத்தம் ‘ஹேங்’குக்குப் போய்விடும். 2013இல் வந்து 2022இல் மூடப்பட்ட ‘கூகுள் ஹேங்அவுட்ஸ்’ அரட்டைச் சேவை மூலம் இந்தச் சொல்லை அறிந்தவர்கள் வினையையும் பெயர்ச்சொல் போலவே அழுத்துவார்கள். அவர்களைத் திருத்தக் கூடுதல் பொறுமை வேண்டும்.

இது புதுச்சொல் என்று நினைப்பவர்களுக்கு டிக்கன்ஸைச் சொல்வேன். 1836–37இல் தொடராக வந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் பாப் சாயர் என்ற மருத்துவ மாணவன் பிக்விக்கிடம் இதே சொல்லால்தான் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கிறான். அன்றைய பேச்சுவழக்கில் அதற்குக் குடியிருப்பது என்ற பொருள் இருந்தது. பிக்விக்கோ ‘தொங்குவது’ என்ற நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு, இன்ன விடுதியில் தொங்கவிடப்பட்டிருப்பதாகப் பதில் சொல்கிறார். சொல்லைப் பிய்த்துப் பார்த்துப் பொருள் தேடும் மாணவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போகும்.

வெளிநாட்டவரோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘கோயிங் அவுட் வித்’ என்றால் காதலிப்பது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வெறும் நட்பைச் சொல்ல ‘ஹேங் அவுட்’ பாதுகாப்பானது. ஆனால் இது தோழமைப் பேச்சுக்கான சொல். நேர்முகத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ஸ்பெண்ட் டைம் வித்’ போதும்.

தனியாகப் படிப்பவரானால், அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை யாரோடு, எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.