மூச்சின் வேகமும் எலும்பின் வேகமும்

என் 52-ஆம் வயதில் நான் ஓடத் தொடங்கினேன். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகக் கூறிய மருத்துவர், இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்த்தபின், மெல்ல மெல்ல ஓடிப் பழகலாம் என்று இசைவு தந்தார். 'மெல்ல மெல்ல' என்ற இரு சொற்களைத் தவிர, அவர் சொன்ன யாவும் என் செவியில் விழுந்தன.

முதல் வாரம், வைகறைத் தொழுகை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் 2 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு இரைத்தது. மூன்றாம் வாரத்தில் இரைப்பு அடங்கியது. நெஞ்சு இடங்கொடுத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் தூரத்தை 4 ஆக்கினேன். பின்னர் 7 ஆக்கினேன். சென்னையில் சனவரித் திங்களில் நடைபெறும் நெடுந்தூர ஓட்டத்தில் 21 கிலோமீட்டர் ஓடப்போவதாக ஆசிரியர் அறையில் அறிவித்தும் விட்டேன்.

ஆறாம் வாரத்தில் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மீது விரல்நுனி அளவான ஓரிடத்தில் வலி கண்டது. ஓட ஓடத் தணியும் என்றெண்ணி மேலும் பத்து நாட்கள் ஓடினேன். பிறகு நடக்கவும் இயலவில்லை. எலும்பில் மயிரிழை போன்றதொரு விரிசல்! எட்டு வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தே பாடம் நடத்த நேர்ந்தது.

அந்நாட்களில், இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். யாவற்றையும் கேட்டபின் சற்றே தயங்கி, "ஹஜ்ரத், வினைச்சொல் வாய்பாடே மனத்தில் நிற்காத பிள்ளைக்கு, ஆயிரம் அடி இலக்கணச் செய்யுளைக் கொடுப்பீர்களா?" என்று வினவினார். என்னிடம் விடை இல்லை.

அவர் விளக்கியது இதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் ஓட்டத்திற்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். புதிய சுமை ஏறும்பொழுது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பின்னரே புதிதாகக் கட்டுகிறது. கரைவது சில வாரங்களில் முடிகிறது. கட்டுவதோ மாதக்கணக்கில் நீள்கிறது. இடைப்பட்ட காலத்தில் எலும்பு வலுக்குன்றி நிற்க, பழகிவிட்ட மூச்சோ 'இன்னும் ஓடு' என்று தூண்டுகிறது. நான் மூச்சின் பேச்சைக் கேட்டேன். எலும்பின் பேச்சைக் கேட்கவில்லை.

நியூசிலாந்து நாட்டின் ஆக்லந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் வாழ்ந்தார். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். அதே லிடியார்ட், நடுத்தர வயதினரையும் இதய நோயிலிருந்து மீண்டோரையும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடவைத்தார். 1962-இல் அங்குச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தம்மினும் மூத்த ஒருவர் தமக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன் ஓடிவரக் கண்டு நாணினார். விரைவாக ஓடவும், முதலில் மெதுவாக ஓடத்தான் கற்கவேண்டும் போலும்!

கால் தேறியபின் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வாறே அரைமணி நேரம். வாரத்தில் மூன்றே நாட்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் சொல்ல இயலாவிடில் வேகம் மிகுதி என்று கொண்டேன். வாரத்தில் ஒருநாள் மட்டும் தூரத்தைச் சிறிது நீட்டினேன். நான்காம் வாரந்தோறும் குறைத்தேன்.

வாரத்திற்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டலாகாது என்றொரு வழக்கு ஓட்டக்காரர்களிடையே உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 532 புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வழக்கின்படி 13 வாரங்கள் பயின்றோரிலும், வழக்கமான முறையில் 8 வாரங்கள் பயின்றோரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர். ஆகவே எண் ஒன்றே நம்மைக் காக்காது. ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும் வலி, ஓடும்பொழுது மிகும் வலி, மறுநாளும் தணியாத வலி ஆகியவை தோன்றினால் நிறுத்தவேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அக்கணமே நின்று மருத்துவரை நாடவேண்டும். எண்ணைவிட இந்தக் கவனமே எனக்குத் துணையாயிற்று.

தண்ணீரிலும் அளவு வேண்டும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபொழுது, 13 விழுக்காட்டினர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்குத் தலையாய காரணம். தாகத்திற்குக் குடிப்பதே நெறி. நம் பகுதி வெயிலுக்கு அஞ்சி வைகறையிலேயே ஓடி முடிப்பதும் நன்று.

அடுத்த சனவரியில் 21-ஐ மறந்து 10 கிலோமீட்டருக்கே பெயர் கொடுத்தேன். பள்ளிச் சிறுவர்கள் என்னை முந்திச் சென்றனர். 21 கிலோமீட்டரை ஓடி முடித்தது அதற்கடுத்த ஆண்டில்தான்.

நாற்காலியில் கிடந்த அந்த எட்டு வாரங்களில் என்னை வாட்டிய நினைவு வேறொன்று. நாவால் ஒப்பித்துவிட்டதைக் கண்டு, நெஞ்சில் பதிந்துவிட்டதென நம்பி, அடுத்த பாடத்திற்கு நான் விரட்டிய பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் சிலர் ஓதுவதையே விட்டுச் சென்றனர். இப்பொழுதெல்லாம் ஒரு பிள்ளை பிழையின்றி ஒப்பித்தாலும், மறுநாளும் அதே பாடத்தை ஒருமுறை கேட்டுவிட்டே மேலே செல்கிறேன்.